நிழல் மரத்துக்கு யார் பொறுப்பு?

(கொழும்பில் தொழில் செய்யும் உறுப்பினர் குடும்பங்களின் ஒன்றுகூடல் போயா தினத்தன்று கொச்சிக்கடையில் நடைபெற்றது. அதில் சங்க அமைப்பாளரும் தோட்டப் பாடசாலை ஆசிரியையுமான தோழர் ஆற்றிய உரை இது.)



சம்பளத்தைப் பற்றியும் காணி உரிமையைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் சொல்லிவிட்டார்கள். நான் மரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். இந்த மண்டபத்தில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த மரத்தின் கீழே ஒரு ஆள் இருக்கிறார். உங்கள் அம்மா இருப்பார், அக்கா இருப்பார், இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற தம்பி இருப்பான்.

முதலில் கொழும்பிலிருந்தே தொடங்குகிறேன். 2023 ஒக்டோபர் 6 ஆம் திகதி காலை கொள்ளுப்பிட்டியில் டுப்ளிகேஷன் வீதியில் போய்க்கொண்டிருந்த இ.போ.ச. பஸ்ஸின் மேல் ஒரு பெரிய மரம் சாய்ந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். வேலைக்குப் போகிற நேரம். உங்களில் பலர் அந்த வீதியால் போய் வருகிறவர்கள்தான். அந்த மரம் ஏன் விழுந்தது, எந்தெந்த மரம் இன்னும் ஆபத்தாக நிற்கிறது, மாநகர சபை என்ன செய்தது என்று நாடே கேட்டது. பத்திரிகை கேட்டது, தொலைக்காட்சி கேட்டது. கேட்கத்தான் வேண்டும். நகரத்து வீதியில் நிற்கிற மரத்துக்கு ஒரு பொறுப்பாளி உண்டு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதனால் அங்கே கேள்வி எழும்பியது.

எங்கள் மலையில் மரம் விழுந்தால் என்ன நடக்கிறது? பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரி வரும். அடுத்த நாள் பெரட்டுக்களத்தில் பேர் போடும்போது அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார்கள். பிறகு மலைக்கு ஏறிவிடுவார்கள்.

என் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரும் அலுவலகங்களின் பெயரும் வேண்டாம். அது ஒரு தோட்டத்தின் கதை மட்டும் இல்லை.

எங்கள் பாடசாலைக்கு மேலே, பணிய லயத்துக்கு இறங்குகிற பாதையோரத்தில், ஒரு பெரிய சவுக்கு மரம் நின்றது. ஐந்தாம் வகுப்பில் சுற்றாடல் பாடம் நடத்தும்போது, காளான் எங்கே கண்டிருக்கிறீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒரு பையன் எழும்பி, "டீச்சர், அந்தச் சவுக்கு மரத்தடியில் தட்டு மாதிரிக் காளான் இருக்கு, கல்லு மாதிரி கெட்டி" என்றான். போய்ப் பார்த்தோம். அடித்தண்டில் பட்டை கழன்றிருந்தது. விரலால் தட்டினால் உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்டது. ஒரு பக்கத்துக் கொப்பெல்லாம் இலையில்லாமல் காய்ந்து நின்றன.

நான் கடிதம் எழுதினேன். தோட்ட அலுவலகத்தில், அது பள்ளிக்கூடத்துப் பக்கம், கல்வித் திணைக்களத்திடம் கேளுங்கள் என்றார்கள். கல்வி அலுவலகத்தில், மரம் வேலிக்கு வெளியே நிற்கிறது, தோட்டத்துக்குச் சொந்தம் என்றார்கள். பிரதேச சபையில், அது சபைப் பாதை இல்லை, தோட்டப் பாதை என்றார்கள். பிரதேச செயலகத்தில், நிர்வாகத்தின் சிபாரிசுக் கடிதம் கொண்டு வாருங்கள் என்றார்கள். இப்படியே ஐந்து மாதம் போனது. ஆனி மாதம் தென்மேல் காற்றும் மழையும் பிடித்தபோது, பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு எல்லோரும் இறங்குகிற நேரத்தில், மரம் ஒரு முழ உயரத்தில் முறிந்து பாதையில் விழுந்தது. ஒரு தாயின் கால் நசுங்கியது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் மலைக்கு ஏற அவரால் இன்றைக்கும் முடியாது.

மூன்றாம் நாள் லொறி வந்தது. மரத்தைத் துண்டு துண்டாக அறுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஐந்து மாதம் நாங்கள் தேடிய சொந்தக்காரர் அன்றைக்குத்தான் தெரிய வந்தார்.

தோழர்களே, நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான். நோய்ப்பட்ட மரத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, விற்கிற மரத்துக்கு மட்டும் சொந்தக்காரர் உண்டு என்ற நிலைமை மாற வேண்டும். அதை மாற்றுவதற்கான இடம் எங்கள் பிரதேச சபை.

கதை அதோடு முடியவில்லை. மரத்தைக் கொண்டு போனவர்கள் அடிக்கட்டையை விட்டுவிட்டுப் போனார்கள். ஒன்றரை வருடம் கழித்து அந்தக் கட்டையைச் சுற்றியிருந்த தேயிலைச் செடிகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. நேற்றுவரை கொழுந்து கிள்ளிய செடி திடீரென்று வாடும். காய்ந்த இலை உதிராமல் அப்படியே கொப்பில் நிற்கும். ஒன்பது செடி போனது. வெயில், மழை இல்லை என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்.

காரணம் புதிதில்லை. நூறு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்த விஷயம். டொம் பெட்ச் என்ற வெள்ளைக்காரர் 1905 முதல் பேராதனையில் அரசாங்கத்தின் பூஞ்சண நோய் ஆய்வாளராக இருந்தார். தேயிலைச் செடியின் நோய்களைப் பற்றி 1923 இல் ஒரு புத்தகமே எழுதினார். 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தொடங்கியபோது அதன் முதல் பணிப்பாளரும் அவர்தான். வெட்டி விட்ட சவுக்குக் கட்டையில் ஒரு பூஞ்சணம் குடியேறுகிறது, அது வேர் வழியாகப் பரவிப் பக்கத்துத் தேயிலையைக் கொல்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். செத்த செடியின் அடியில் கரி பூசியது போலக் கறுப்பாக இருக்கும். பட்டையை உரித்தால் விசிறி விரித்தது போல வெள்ளைப் படலம் தெரியும். நீங்கள் ஊருக்குப் போகும்போது பார்க்கலாம்.

இதற்கு மருந்து கடையில் இல்லை, வேலை செய்கிற முறையில் இருக்கிறது. நிழல் மரத்தை எடுக்க வேண்டுமென்றால், நேரத்தோடு அடித்தண்டைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்து விட வேண்டும். மரம் மெதுவாகச் சாகும்போது வேரில் சேர்த்து வைத்த மாப்பொருள் தீர்ந்துபோகும். பூஞ்சணத்துக்குச் சாப்பாடு இருக்காது. அதற்குப் பிறகு வெட்டி, கட்டையையும் வேரையும் கிண்டி எடுக்க வேண்டும். நேரம் இல்லை, மரம் ஆபத்தாக நிற்கிறது என்றால் உடனே வெட்டத்தான் வேண்டும். அப்படி வெட்டினாலும் கட்டையைக் கிண்டியே ஆக வேண்டும். இது எங்கள் பழைய கங்காணிமாருக்குத் தெரிந்த வேலை. இன்றைக்குச் செய்ய ஆள் இல்லை, அதற்கு நாள் பேர் போடுவதில்லை.

ஒன்பது செடிதானே என்று நினைக்க வேண்டாம். செடி செத்த இடம் வெற்றிடமாகும். வெற்றிடத்தில் புல் ஏறும், மழைக்கு மண் கழுவிப்போகும். நிரையில் செடி குறைந்தால் கூடையில் கொழுந்து குறையும். 2025 இல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. கிலோ குறைந்தால் அரைப் பேர். அந்தக் கட்டையைக் கிண்டாமல் விட்ட நட்டத்தை நிர்வாகத்தின் கணக்குப் புத்தகத்தில் காண முடியாது. எங்கள் அம்மாமாரின் சம்பளத் துண்டில்தான் காணலாம்.

நிழல் மரம் என்றால் என்ன, ஏன் நட்டார்கள் என்று இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். சவுக்கு என்று நாம் சொல்கிற மரம் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. உயரமாக வளர்ந்து காற்றைத் தடுக்கும், மெல்லிய நிழல் தரும். அதற்குக் கீழே முள்முருங்கை. துரைமார் டடாப் என்று சொன்னது அதைத்தான். அது மண்ணுக்குத் தழைச்சத்துச் சேர்க்கும் மரம். கொப்பை வெட்டிச் செடிக்கு அடியில் போட்டால் அதுவே உரம். ஆகவே மரங்களை எல்லாம் வெட்டித் தள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. மரம் இல்லாத மலை வெயிலில் கருகும், மழையில் சரியும். லயத்துக்கு மேலே மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் மரத்தின் வேர்தான். மரம் வேண்டும். மரத்தைப் பார்க்க ஆளும் வேண்டும்.

மரத்துக்கு வருகிற நோய்க்கும் பூச்சிக்கும் தோட்டத்து எல்லை தெரியாது. இதை இலங்கை மலைநாடு ஒருமுறை பெரிய விலை கொடுத்துப் படித்தது. எங்கள் பாட்டன் பூட்டன் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. 1869 இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் போல ஒரு நோய் கண்டார்கள். பேராதனைப் பூங்காவிலிருந்து த்வைட்ஸ் என்ற பணிப்பாளர் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அதற்குப் பெயர் வைத்தார்கள். நோயை ஆராய மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இங்கே வந்தது 1880 இல். பதினொரு வருடம் போய்விட்டது. காற்றில் பறக்கிற தூள்தான் நோயைப் பரப்புகிறது என்று அவர் காட்டினார். ஆனால் அதற்குள் மலை முழுவதும் ஒரே செடி, ஒரே நோய். ஒரு தோட்டத்துக்காரர் தன் தோட்டத்தைச் சுத்தம் செய்தாலும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காற்று கொண்டு வந்து போட்டது. கோப்பி அழிந்தது. துரைமாரில் பலர் தேயிலைக்கு மாறினார்கள். வேலை போன எங்கள் ஆட்களின் கணக்கை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை.

தேயிலையிலும் இதுவே தொடர்ந்தது. 1892 இல் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலைக் கொப்பில் ஊசித் துளை போடுகிற ஒரு சின்னக் கறுப்பு வண்டைக் கண்டார்கள். அரிசியின் பாதி கூட இல்லாத பூச்சி. துளைக்குள்ளே பூஞ்சணம் வளர்த்துத் தன் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். துளை விழுந்த கொப்பு காற்றுக்கு முறியும். அந்த வண்டுக்கு நெருங்கிய, பார்த்தால் வித்தியாசம் தெரியாத இன்னொரு வண்டு இன்றைக்கு உலகத்தில் பல நகரங்களின் தெரு மரங்களைக் கொல்கிறது. லொஸ் ஏஞ்சல்ஸிலும் ஜொகன்னஸ்பேர்க்கிலும் அது பரவியிருக்கிறது. 2021 இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தில் கண்டுபிடித்தபோது அரசாங்கமும் நகர சபைகளும் சேர்ந்து மரம் மரமாகப் பரிசோதித்தார்கள். நோய் கண்ட மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள். வெட்டிய விறகை இடம் மாற்றக்கூடாது என்று கட்டளை போட்டார்கள். இதையெல்லாம் ஒரு வீட்டுக்காரர் தனியாகச் செய்ய முடியாது. பொது அதிகாரம் வேண்டும்.

இன்னொரு பாடமும் உண்டு. மருந்து அடித்தால் எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது. தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் ஒரு புழு முன்பு பெரிய தொல்லையாக இருந்தது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டு வந்து விட்டார்கள். அது புழுவுக்குள் முட்டை வைத்து அதை அழித்தது. செலவில்லாத காவல்காரன். பிறகு 1950களில், துளை போடும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்ற விஷ மருந்தை அடித்தார்கள். அந்த மருந்து அந்தக் காவல்காரக் குளவியையும் கொன்றது. புழு திரும்பப் பெருகியது. மருந்து தாங்கியை முதுகில் சுமந்து அடித்தவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குளவி என்றதும் உங்கள் முகம் மாறுகிறது. எனக்கும் அப்படித்தான். எங்கள் மலையில் மரத்தைப் பற்றிப் பேசினால் குளவியைப் பேசாமல் விட முடியாது. கவ்வாத்து வெட்டாமல், கொப்பு இறக்காமல் வானத்துக்கு வளர்ந்த மரத்தின் உச்சியில்தான் பெருந்தேனீ கூடு கட்டுகிறது. பொந்து விழுந்த கட்டையில் கருங்குளவி இருக்கிறது. பருந்து அடித்தாலும், கல் பட்டாலும், புகை போனாலும் கூட்டமாகக் கிளம்பும். கூடையைத் தலையில் கட்டிக்கொண்டு சரிவில் நிற்கிற பெண் எங்கே ஓடுவாள்? வருடா வருடம் உயிர் போகிறது. கூட்டுக்குத் தீப்பந்தம் பிடிப்பது வழி இல்லை. தேனீ காய்க்கும் பூவுக்கும் தேவையான உயிர். கூடு இருக்கிறது என்று முதலில் சொல்கிற ஆளின் சொல்லைக் கேட்டு, அந்த மலையில் அன்றைக்கு வேலையை நிறுத்தி, பழக்கப்பட்ட ஆட்களைக் கொண்டு கூட்டை அகற்றுவதுதான் வழி. வேலை நிறுத்திய அந்த நாளுக்குச் சம்பளம் போட வேண்டும். இல்லாவிட்டால் கூட்டைக் கண்ட அம்மா வாயைத் திறக்க மாட்டார். ஒரு நாள் பேரை இழக்க யாருக்கு முடியும்?

சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது.

தாவரப் பாதுகாப்புக்கு இந்த நாட்டில் 1924 இலிருந்தே சட்டம் இருந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம். பயிருக்கு ஆபத்தான பூச்சியும் நோயும் பரவாமல் பார்க்கிற கடமையைக் காணியை வைத்திருப்பவர் மேலும் அது சுமத்துகிறது. ஆனால் அதை நடத்துவது விவசாயத் திணைக்களம். அது பேராதனையில் இருக்கிறது. லயத்துக்கு மேலே நிற்கிற ஒரு மரத்தைப் பார்க்க அங்கிருந்து ஆள் வருவாரா?

பக்கத்தில் இருப்பது பிரதேச சபை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது அதன் 33 ஆம் பிரிவு ஒரு மதில் போல நின்றது. தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவு செய்ய முடியாது என்று கையை விரித்தார்கள். நாங்கள் வாக்குப் போடலாம், எங்கள் ஆட்கள் உறுப்பினராகலாம், ஆனால் எங்கள் லயத்துப் பாதையில் ஒரு கல் போட முடியாது. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2018 இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு பெரிய பிரதேச சபைகளை ஆறாகப் பிரித்தார்கள். நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எல்லாம் தனிச் சபையாகின. 2025 மே மாதம் 6 ஆம் திகதி புதிதாக உறுப்பினர்களையும் தெரிவு செய்திருக்கிறோம். உங்களில் பலர் பஸ் ஏறிப் போய் வாக்குப் போட்டுவிட்டு வந்தீர்கள். கதவு திறந்தாயிற்று. இன்னும் நாம் உள்ளே போகவில்லை. பாதைக்கும் தண்ணீருக்கும் கேட்கிறோம். மரத்துக்குக் கேட்டதில்லை.

உலகத்தில் வேறு இடங்களில் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மசசூசெட்ஸ் என்று ஒரு மாநிலம். அங்கே மெட்போர்ட் என்ற ஊரில், 1860களின் கடைசியில், பட்டு ஆராய்ச்சிக்கென்று ஒருவர் ஐரோப்பாவிலிருந்து கொண்டு வந்த பூச்சி தப்பி வெளியே போனது. இருபது வருடம் யாரும் கவனிக்கவில்லை. 1889 இல் புழுக்கள் மரத்தையெல்லாம் மொட்டையாக்கி வீட்டுச் சுவரிலும் ஏறின. அதை அடக்க ஊராட்சியும் மாநிலமும் பல வருடம் பணம் கொட்டின. மர விஷயத்தில் அந்த மக்கள் ஒரு முடிவுக்கும் வந்தார்கள். 1899 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு மரக் காவலர் இருக்க வேண்டும். வீதியோரத்து மரங்களுக்குச் சட்டத்தில் வைத்த பெயர் என்ன தெரியுமா? பொது நிழல் மரம். அந்த மரத்துக்கு நோய் வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நல்ல மரத்தை வெட்டுவதென்றால் ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும். வெட்டுவதற்கும் விடுவதற்கும் ஒரே ஆள் பொறுப்பு. அது பணக்கார நாடு, நமக்கு எங்கே என்று சொல்லலாம். ஆனால் ஒரு ஆளின் பெயரைப் பதிவேட்டில் எழுதப் பணம் எவ்வளவு வேண்டும்?

ஆகவே எங்கள் சங்கத்தின் சார்பில் ஒவ்வொரு பிரதேச சபையிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை.

ஒன்று, மரப் பதிவேடு. லயன், பாடசாலை, பிள்ளை மடுவம், கோயில், கொழுந்து மடுவம், பெரட்டுக்களம், ஆட்கள் நடக்கிற பாதை ஆகியவற்றுக்கு மேலே நிற்கிற ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் ஒரு இலக்கம். மலை முழுவதும் எண்ணச் சொல்லவில்லை. ஆள் தலைக்கு மேலே நிற்கிற மரத்தை எண்ணினால் போதும்.

இரண்டு, வருடத்தில் இரண்டு முறை பரிசோதனை. சித்திரை முடிந்து தென்மேல் பருவம் தொடங்க முன்னர் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னர் ஒரு தடவை. சபையின் தொழில்நுட்ப அலுவலர், தோட்டத்து அலுவலர், கிராம சேவகர் ஆகியோரோடு கொழுந்து கிள்ளுகிற ஒரு பெண்ணும் அதில் இருக்க வேண்டும். எந்த மரத்தில் கூடு, எந்தக் கொப்பு காய்ந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர்தான் தினம் அதன் கீழே நிற்கிறார்.

மூன்று, பதில். அறிவித்த மரத்துக்கு இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில், பொறுப்பான அலுவலரின் பெயரோடு. அது எங்கள் எல்லை இல்லை என்று சொல்கிற அலுவலகம், யாருடைய எல்லை என்று கண்டுபிடித்து அந்தக் கடிதத்தைத் தானே அனுப்பி வைக்க வேண்டும். கடிதத்தைச் சுமந்துகொண்டு நாலு படி ஏறுவது தொழிலாளியின் வேலை இல்லை.

நான்கு, வெட்டிய மரத்தின் கட்டையைக் கிண்டி எடுப்பதும், அந்த இடத்துக்கு ஒரு கன்று வைப்பதும் வெட்டுகிற ஒப்பந்தத்திலேயே சேர வேண்டும். மரத்தை விற்கிற பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும். 1992 இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது நிலமும் மரமும் போனது. அதோடு கடமையும் போயிருக்க வேண்டும்.

ஐந்து, குளவிக் கூடு அறிவித்த இடத்தில் வேலை நிறுத்தம், சம்பளத்தோடு.

கேட்பது பெரிதில்லை. இதை நடக்க வைக்க இந்த மண்டபத்தில் இருக்கிற உங்களால் முடியும். அதனால்தான் மலையில் பேசாமல் கொச்சிக்கடைக்கு வந்து பேசுகிறேன். மலையில் இருக்கிற அம்மாவுக்கு மரத்தைத் தெரியும், கடிதம் எழுதத் தெரியாமல் இருக்கலாம். நேரமும் இல்லை. உங்களுக்குக் கடிதம் எழுதத் தெரியும், சிங்களமும் பேசுவீர்கள், கையில் கெமரா உள்ள போன் இருக்கிறது. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் ஊருக்குப் போகும்போது லயத்துக்கு மேலே ஒரு சுற்று நடந்து பாருங்கள். காளான் வந்த அடித்தண்டு, பட்டை கழன்ற மரம், ஒரு பக்கம் காய்ந்த கொப்பு, வேர் பக்கம் மண் வெடித்த இடம், சாய்ந்து நிற்கிற மரம் எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். இடத்தையும் திகதியையும் எழுதுங்கள். மூன்று பிரதி எடுத்து ஒன்றைத் தோட்ட அலுவலகத்துக்கும் ஒன்றைப் பிரதேச சபைக்கும் கொடுங்கள். ஒன்று சங்கத்துக்கு. பதிவுத் தபாலில் அனுப்பி அந்தத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. என் கடிதத்துக்கு என்ன நடந்தது, எந்த அலுவலர் பார்த்தார் என்று பிரதேச சபையிடம் கேட்கலாம். கேட்ட காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவைச் சொல்ல வேண்டும். சபையில் சுற்றாடலுக்கென்று ஒரு குழு அமைக்கலாம், உறுப்பினர் அல்லாத ஊர் மக்களையும் அதில் சேர்க்கலாம் என்று பிரதேச சபைச் சட்டமே சொல்கிறது. நீங்கள் வாக்குப் போட்ட உறுப்பினரிடம் கேளுங்கள்: அந்தக் குழு கூடியதா, அதில் எங்கள் டிவிசனிலிருந்து யார் இருக்கிறார்?

விபத்து நடந்துவிட்டால் இன்னொன்று. வேலை நேரத்தில் மரம் விழுந்தாலும் குளவி கொட்டினாலும் அது விதி என்று விட்டுவிட வேண்டாம். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. தோட்ட மருந்தகத்தின் புத்தகத்தில் எந்த மலை, எந்த நேரம், என்ன வேலை என்று அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். கூட நின்றவர்களின் பெயரை எழுதி வையுங்கள். உடனே சங்கத்துக்கு அறிவியுங்கள். நாங்கள் சொன்ன அந்தத் தாய்க்கு முதலில் கொடுத்தது ஒரு வைத்தியசாலைச் சீட்டும் இரண்டு நாள் லீவும். அவரது நட்டஈட்டு மனுவுக்காக நான் திரும்பத் திரும்பக் காட்டியது அந்த ஐந்து மாதத்துக் கடிதப் பிரதிகளைத்தான். மரத்தைத் தடுக்க உதவாத கடிதம், அவர் பக்கம் பேச உதவியது. அதனால் கடிதம் வீண் என்று நினைக்க வேண்டாம்.

காளானைக் கண்ட அந்தப் பையன் இப்போது எட்டாம் வகுப்பு. மரம் விழுந்த மறுநாள் அவன் என்னிடம், "டீச்சர், நாமதான் முன்னமே சொன்னோமே?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. ஒரு ஆசிரியைக்கு அதைவிட வெட்கம் இல்லை. பிள்ளை சரியாகப் பார்த்தான், சரியாகச் சொன்னான். கேட்கத்தான் பெரியவர்கள் யாரும் இருக்கவில்லை. அடுத்த முறை அவன் வயதில் ஒரு பிள்ளை மரத்தைக் காட்டிச் சொன்னால், அந்தச் சொல்லை எழுதிக்கொள்ள ஒரு பதிவேடும், அதற்குப் பதில் சொல்ல ஒரு ஆளும் இருக்க வேண்டும். இந்த வருடம் எங்கள் சங்கம் குறைந்தது ஒரு பிரதேச சபையிலாவது அதைச் செய்து காட்ட வேண்டும்.

வெளியே வாசலில் தங்கைமார் ஒரு தாளோடு நிற்கிறார்கள். உங்கள் தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், நீங்கள் ஊருக்குப் போகிற திகதி, இந்த மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். மிச்ச வேலையை நாம் சேர்ந்து செய்வோம்.